தக்காளி ஏலமும் கர்னலில் ஓர் எண்ணும்

ஒரு கணினிக்கு எத்தனை புராசஸர் போதும் என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் ஓய்வும் பெற்றுவிட்டேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு நம்பரை மாற்றுகிறாள், அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சுருக்கமாக என் வேலையை யாரும் விவரித்ததில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். எந்த கமாண்டை எங்கே தட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் தேடி எடுத்துவிடுவீர்கள். தேடினால் கிடைக்காத ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அந்த நம்பரை மாற்றச் சொல்லி எல்லோரும் கழுத்தைப் பிடித்த ஒரு வாரத்தைப் பற்றி.

முதலில் அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மைசூரில் ஹூட்டகள்ளி பக்கம் இருந்த எங்கள் கம்பெனியின் தொழில், பெரிய சர்வர்களை வாங்கி அவற்றைப் பல மெய்நிகர் கணினிகளாகத் தடுத்து வாடகைக்கு விடுவது. வி.எம். என்றுதான் சொல்வோம். வாடகைக்கு எடுத்தவர், தன்னிடம் தனிக் கணினி இருப்பதாகவே நினைத்துக்கொள்வார். அதில் பத்து புராசஸர் தெரிந்தால் பத்தும் தன்னுடையவை என்று நம்புவார். உண்மையில் கீழே இருக்கும் நிஜப் புராசஸர்களை, சர்வரின் அடித்தளமாக ஓடும் கர்னல் என்ற மென்பொருள்தான் எல்லோருக்கும் முறைவைத்து மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இதில் கர்னல் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று பரிந்துரை, அநேகமாக அந்த சர்வரில் நிஜமாக இருக்கும் புராசஸர்களின் எண்ணிக்கை. அதைத் தாண்டிக் கேட்டால் ஓர் எச்சரிக்கை வரும், ஆனால் காரியம் நடந்துவிடும். இன்னொன்று உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் கறாராக முடியாது என்றுவிடும். கர்னலை நிரலிலிருந்து கட்டித் தயாரிக்கும்போதே அந்த உச்ச வரம்பை வைக்க வேண்டும். வழக்கமாக அது மிகப் பெரிய எண்ணாக இருக்கும். எங்கள் சர்வர்களுக்கு அது கல்யாண மண்டபத்துக் கதவு மாதிரி. யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

என் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்தார். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், ஆகவே பக்கத்து இருக்கைக்காரர் என்றே சொல்கிறேன். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் தன் வி.எம்.முக்குப் புராசஸர் எண்ணிக்கையைத் தட்டும்போது தவறுதலாக ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டிவிட்டார். கர்னல் எச்சரித்தது, எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? வி.எம். கிளம்பியது, அந்த சர்வரில் இருந்த மற்ற எல்லாரும் மூச்சுத் திணறினார்கள். அவர்களில் ஒரு நர்சிங் ஹோமும் உண்டு. அதன் வரவேற்பறையில் டோக்கன் நம்பர் அசையாமல் நிற்க, நோயாளிகள் வரவேற்புப் பெண்ணைத் திட்டித் தீர்த்தார்களாம். அன்று சாயங்காலமே பக்கத்து இருக்கைக்காரர் கர்னலில் அந்த வரியைத் திருத்தி, உச்ச வரம்பை எங்கள் சர்வர்களில் இருக்கும் நிஜப் புராசஸர்களின் எண்ணிக்கைக்கே இறக்கிவிட்டார். அதன் பிறகு சைபர் கூடினால் வி.எம். கிளம்பாது. ரொம்ப நாள் அந்த எண்ணை யாரும் தொடவில்லை.

இனி குண்டலுபேட்டை.

அங்கே காய்கறி ஏலத்தைக் கைபேசி வழியாக நடத்தும் ஒரு தனியார் நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். ஹனூர், கௌதள்ளி பக்கத்து விவசாயிகள் தக்காளி, பீன்ஸ், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் அவர்களுடைய கொட்டகைக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். வியாபாரிகள் சிலர் அங்கேயே நிற்பார்கள், பலர் கேரளாவிலும் கோயமுத்தூரிலும் இருந்தபடி கைபேசியில் விலை கேட்பார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் சில நிமிடங்கள்தான். மணி அடித்ததும் அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு. கொட்டகையை நிர்வகித்தவர் செல்வி. ஹனூர்க்காரர், விவசாயக் குடும்பம், படித்தது வணிகம். குரல் கொட்டகையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மைக் இல்லாமலே போகும்.

வியாபாரிகள் சேரச் சேர ஏலம் தடுமாறத் தொடங்கியது. விலையை அழுத்தினால் திரையில் வருவதற்குத் தாமதம். செல்வி இரண்டு மடங்கு புராசஸர் கேட்டார், எங்கள் மேனேஜர் கொடுத்தார். சில நாள் பரவாயில்லாமல் போயிற்று, பிறகு பழையபடி. மறுபடியும் கேட்டார், மறுபடியும் கொடுத்தோம். அத்தோடு அவருடைய வி.எம். எங்கள் உச்ச வரம்பைத் தொட்டுவிட்டது. மூன்றாவது முறை கேட்டபோது கர்னல் முடியாது என்றது.

மேனேஜர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் பாதி கன்னடம். "கொஞ்சம்" அவர் வாயில் "ஸ்வல்ப" ஆகிவிடும். வாக்கியம் முடிந்ததும் ஓர் "அல்வா" போடுவார். கன்னடத்தில் அதற்கு "இல்லையா" என்று அர்த்தம். சென்னையிலிருந்து வரும் புதியவர்கள் முதல் வாரம் முழுக்க அவர் ஏதோ தின்பண்டம் கேட்கிறார் என்றே நினைப்பார்கள். அவர் என் இருக்கைக்கு வந்து நின்றார்.

"மேடம், அந்த லிமிட் நாமே வெச்சதுதானே? நாமே ஏத்திடலாம், அல்வா? ஞாயித்துக்கிழமை ஸ்வல்ப எல்லா சர்வரையும் ரீபூட் பண்ணிட்டா முடிஞ்சுது. அவங்க வேற கம்பெனிக்குப் போறேங்கறாங்க."

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஓர் எண்ணை மாற்றிக் கர்னலைக் கட்டுவது ஒரு பிற்பகல் வேலை. வாடிக்கையாளர் கேட்கிறார், பணமும் தருகிறார். அப்போது அவருக்கென்று ஒதுக்கக் காலி சர்வரும் எங்களிடம் இல்லை. மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம்கூட உருப்படியாக இல்லை. ஏதோ உறுத்தல், அவ்வளவுதான். உறுத்தலை மேனேஜரிடம் காரணமாகச் சொல்ல முடியாது. நீங்களும் முயற்சி செய்யாதீர்கள்.

பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்தேன். வரம்பை வைத்தவர் அவர், காப்பாற்றப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியை என் பக்கம் திருப்பி, அது ஒரு சைபருக்காக வைத்த நம்பர், இதற்குப் பொருந்துமா என்று தனக்குத் தெரியாது என்றார். பிறகு கேட்டார்: "அந்த ஏலம் எப்படி நடக்குதுன்னு நம்மள்ல யாராவது பார்த்திருக்கோமா?"

யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு அது திரையில் ஒரு கோடு. காலையில் மேலே ஏறும், பிற்பகலில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எனக்கு ஒருநாள் கொடுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். கர்னல் வேலை பார்ப்பவர் எதற்குக் காய்கறிக் கொட்டகைக்குப் போக வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் வாடிக்கையாளரை நேரில் போய்ப் பார்த்தால் கோபம் தணியும் என்று கணக்குப் போட்டு, சரி என்றார்.

மறுநாள் காலை பஸ் பிடித்து நஞ்சன்கூடு வழியாக குண்டலுபேட்டைக்குப் போனேன். கொட்டகையில் நான் எதிர்பார்த்தது நாலு பேர், ஒரு கம்ப்யூட்டர். கண்டது திருவிழா. டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கின்றன, தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன, ஈரச் சாக்கு வாசனை, நடுவில் சுவரில் ஒரு பெரிய திரை. செல்வி வந்து எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் டீயும் கொடுத்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்: "உக்காந்து பாருங்க மேடம். நாங்க சும்மா புகார் பண்றோம்னு நெனச்சுப்போடாதீங்க."

நான் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் இருந்தார். அவர் சர்வரைப் பார்த்தார், நான் கொட்டகையைப் பார்த்தேன். முதல் சில குவியல்கள் நன்றாகப் போயின. நல்ல தக்காளி ஏலத்துக்கு வந்ததும் எல்லா வியாபாரிகளும் ஒரே நேரத்தில் கைபேசியை அழுத்தத் தொடங்கினார்கள். திரை உறைந்தது.

கௌதள்ளியிலிருந்து வந்திருந்த பழனியம்மாள் என்ற பெண்ணின் குவியல் அது. திரை மீண்டும் உயிர் பெற்றபோது மணி அடித்து முடிந்திருந்தது. சரக்கு, கொட்டகையிலேயே நின்றிருந்த உள்ளூர் வியாபாரிக்கு என்று காட்டியது. அதே நேரம் செல்வியின் போனில் வயநாட்டு வியாபாரி ஒருவர், தான் அதைவிட அதிகமாகக் கேட்டதாகவும், மணி அடிப்பதற்கு முன்பே அழுத்தியதாகவும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

பழனியம்மாள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. லேப்டாப் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் நேராக என்னிடம் வந்தார். "அவரு அதிகமாத்தானுங்களே கேட்டாரு. மிசினு ஏன் எடுத்துக்கல?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மையிலேயே அப்போது தெரியாது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் நகராமல் பக்கத்திலேயே நின்றார். இத்தனை வருட வேலையில் என் லேப்டாப்பை அவ்வளவு உன்னிப்பாக யாரும் கண்காணித்ததில்லை.

பதில் அந்த சில நிமிடங்களிலேயே கிடைத்தது. திரை உறைந்திருந்த நேரத்தில் அந்த வி.எம். என்ன செய்துகொண்டிருந்தது என்று பக்கத்து இருக்கைக்காரர் படித்துச் சொன்னார். வேலை செய்த நேரத்தைவிட, நிஜப் புராசஸர் கிடைக்குமா என்று காத்திருந்த நேரம்தான் அதிகம்.

விஷயம் இதுதான். ஏல மென்பொருளில் விலைகளை எழுதும் இடம் ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு புராசஸர்தான் எழுதலாம், மற்றவை நிற்க வேண்டும். பத்து நாற்காலி போட்ட ஓர் அறையில் ஒரே ஒரு பேனா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிகள் நிஜப் புராசஸர்கள், ஆட்கள் வி.எம்.மில் தெரியும் புராசஸர்கள். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எழுத முடியும். பேனா வைத்திருக்கும் ஆளை, அடுத்தவர் முறை வந்துவிட்டது என்று எழுப்பி வெளியே அனுப்பினால் அவர் பேனாவையும் எடுத்துக்கொண்டே போய்விடுவார். உள்ளே பத்துப் பேரும் நாற்காலியை அடைத்துக்கொண்டு பேனாவுக்காகக் காத்திருப்பார்கள். வெளியே போனவருக்கு நாற்காலி கிடைக்காது. நாங்கள் இரண்டு முறையும் செய்தது, பேனா இல்லாத ஆட்களை மேலும் மேலும் அறைக்குள் அனுப்பியதுதான். அதே சர்வரில் இருந்த மற்ற வாடிக்கையாளர்களும் அந்த நாற்காலிகளுக்குத்தான் போட்டி. உச்ச வரம்பை ஏற்றியிருந்தால் இன்னொரு கூட்டத்தையும் உள்ளே விட்டிருப்போம்.

அதனால் செய்ய வேண்டியது ஏற்றுவது இல்லை, இறக்குவது. புராசஸர்களைப் பாதியாக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. செல்வியிடம் சொல்ல வாயெடுக்க அதைவிட அதிக நேரம் ஆயிற்று. கொட்டகையில் நல்ல தக்காளி பாதி மீதியிருக்கிறது, பீன்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை, வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. குறைக்க வேண்டுமென்றால் வி.எம்.மை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டும். நான் நினைத்தது தப்பாக இருந்தால், ஓடிக்கொண்டிருந்த ஏலத்தைக் கெடுத்தவள் நான். ஏலம் முடிந்த பிறகு ஆறஅமரச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். ஆனால் அதற்குள் இன்னும் எத்தனை குவியல்கள் பழனியம்மாளுடையதைப் போல முடியும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

செல்வியைத் தனியே கூப்பிட்டு மூன்று விஷயம் சொன்னேன். என்ன நடக்கிறது என்று, என்ன செய்யப்போகிறேன் என்று, நான் தப்பாக இருந்தால் எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவேன் என்று. மூன்றாவதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எதிரில் இருப்பவருக்கு மூச்சு வரும்.

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க மேடம், நாங்க அதிகம் பண்ணச் சொல்லிக் கேக்கறமுங்க. நீங்க பஸ் புடிச்சு வந்து குறைக்கறேங்கறீங்க."

"ஆமாம்மா."

"இதுல நெசமாலுமே நம்பிக்கை இருக்குதுங்களா, இல்ல உங்க கம்பெனிக்காகச் சொல்றீங்களா?"

குறைத்தால் எங்கள் கம்பெனிக்கு வரும்படி குறையும் என்று நினைவூட்டினேன். அப்போதுதான் லேசாகச் சிரித்தார். பிறகு கொட்டகையின் திரையை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார்.

அந்த இடைவெளியில் ஏலத்தை வாயாலேயே நடத்துவது என்று அவர் முடிவெடுத்தது என் யோசனை இல்லை. வெளியூர் வியாபாரிகளை ஒரே அழைப்பில் சேர்த்து ஸ்பீக்கரில் போட்டார். ஆனால் பீன்ஸுக்குப் போவதற்கு முன் என்னிடம் குனிந்து கேட்டார். "அந்த வயநாட்டுக்காரர் மணிக்கு முந்தியே அமுக்கினாருங்களா?"

பக்கத்து இருக்கைக்காரர் அதையும் பார்த்து வைத்திருந்தார். அந்த விலை மணி அடிப்பதற்கு முன்பே சர்வருக்கு வந்து சேர்ந்துவிட்டது. எழுதப்பட்டதுதான் பிறகு. இதைச் சொன்னால் தவறு எங்கள் பக்கம் என்று நானே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவவும் வழி இருந்தது. பழனியம்மாள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வந்துவிட்டது, எங்கள் சர்வர்தான் தாமதித்தது என்று சத்தமாகவே சொன்னேன்.

செல்வி அந்தக் குவியலை மறுபடி ஏலம் விட்டார். உள்ளூர் வியாபாரிக்குக் கோபம். "முடிஞ்ச ஏலத்தைத் தொறக்கறது நாயமுங்களா?" என்று நின்றார். ஆனால் தக்காளி நல்ல தக்காளி. வாய் ஏலத்தில் வயநாட்டுக்காரர் தன் பழைய விலையைச் சொல்ல, இவர் முனகிக்கொண்டே அதற்கு மேல் கேட்டார். அவர் மேலே போக, இவரும் மேலே போனார். கடைசியில் சரக்கு அதே உள்ளூர் வியாபாரிக்குத்தான் போயிற்று, முதலில் கிடைத்ததைவிட நல்ல விலைக்கு. பழனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டிகளை எண்ணிக் கொடுக்கப் போய்விட்டார். அவருக்கு வேலை இருந்தது.

பீன்ஸ் ஏலம் செல்வியின் தொண்டையில் ஓடிக்கொண்டிருந்தபோது மேனேஜர் என்னை அழைத்தார். ஏற்றச் சொன்ன இடத்தில் குறைக்கிறேன் என்று கேள்விப்பட்டாராம். அவர் குரல் உயரவில்லை. உயராதபோதுதான் பயப்பட வேண்டும். பத்து நிமிடம் பொறுங்கள் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். மேலதிகாரியின் போனை நானாக வைத்தது அந்த ஒருமுறைதான்.

வி.எம். பாதிப் புராசஸர்களோடு கிளம்பியது. திரையைப் போட்டார்கள். மீதமிருந்த தக்காளி ஏலத்துக்கு வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மேலே மேலே ஏறின. உறையவில்லை. யாரும் கைதட்டவில்லை. நன்றாக ஓடும் இயந்திரத்தை யாரும் பார்ப்பதில்லை, நம் தொழிலில் கிடைக்கும் பாராட்டே அதுதான். செல்வி மட்டும் பெட்டிமேலிருந்து இறங்கி, கரகரத்த குரலில் இன்னொரு டீ சொன்னார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். அடுத்த வாரமும் கொஞ்சம் தாமதம் இருந்தது. அந்த ஒற்றைப் பேனா மென்பொருளிலேயே இருந்த குறை, அதை அவர்களுடைய ஆட்கள் திருத்த வேண்டியிருந்தது, திருத்தினார்கள். மேனேஜர் என்னிடம் இரண்டு நாள் அளவாகப் பேசினார். பிறகு அந்த சர்வரில் இருந்த மற்ற வாடிக்கையாளர்களின் புகார்களும் நின்றுபோயிருப்பதை அவரே கவனித்தார். ஞாயிற்றுக்கிழமை ரீபூட்டை ரத்து செய்து அவர் அனுப்பிய செய்தியில் காரணம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, வரம்பை ஏற்றவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு மைசூரிலேயே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தார் வந்தார்கள். வெள்ளம் எந்த வழியில் ஓடும் என்று கணக்கிடும் வேலை. அதற்காகவே வாங்கிய மிகப் பெரிய சர்வர், அதில் அவர்கள் மட்டும்தான், ஒரே வி.எம்.தான். போட்டியும் இல்லை, ஒற்றைப் பேனாவும் இல்லை. அவர்களுடைய கணக்கை இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். கேட்டது நியாயமான எண். அன்று பிற்பகலே அந்த ஒரு சர்வருக்கு மட்டும் தனிக் கர்னல் கட்டி வரம்பை ஏற்றினேன். எல்லா சர்வர்களிலும் ஏற்றவில்லை. ஏனென்றால் வரம்பு உயர்ந்தால், இரண்டே புராசஸர் வைத்திருக்கும் குட்டி வி.எம். கூடக் கொஞ்சம் கூடுதல் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும், அது உபயோகப்படுகிறதோ இல்லையோ. அந்தக் கொஞ்சத்தைக் கேட்காதவர்கள் தலையில் கட்டுவானேன்?

நான் வெளியே வந்த பிறகு எங்கள் பழைய சர்வர்களிலும் அந்த எண்ணை மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மாற்றியது உங்களில் யாரோ ஒருவர். நல்லது. புதிய சர்வர்கள் வந்திருக்கும், தேவை மாறியிருக்கும். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆசையும் இல்லை. எங்காவது நேரில் பார்த்தால் ஒன்றை மட்டும் விசாரிப்பேன். மாற்றுவதற்கு முன்னால் எந்த ஊருக்குப் போய், யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள்?